பலி, குர்பானி, நேர்ச்சை: நெகிரி செம்பிலான் தோட்டச் சூழலில் இஸ்லாமிய அறுப்பு வகைகளும் அவற்றின் சட்டங்களும்

முன்னுரை

தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் ஹஜ்ஜுப் பெருநாளைப் பற்றிக் கட்டுரை வரையும்போது, அன்று முஸ்லிம்கள் ஆடு மாடுகளைப் பலியிடுவர் என்று எழுதுவது இயல்பு. ஆசிரியரும் அவ்வாக்கியத்தைத் திருத்துவதில்லை. அதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. திருக்குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் 'பலியிடுதல்' என்னும் சொல் ஆளப்படுகிறது. ஆயினும், தோட்டப்புறத்தில் வளர்ந்த மாணவனின் மனத்தில் 'பலி' என்னும் சொல் எழுப்பும் காட்சி வேறு. முனியாண்டி கோயிலின் முன்னே மாலையிட்டு நிற்கும் கடா, ஓங்கிய அரிவாள், மண்ணில் சிந்தும் குருதி ஆகியவையே அவன் அறிந்த பலி. அக்காட்சியையே அவன் பள்ளிவாசல் வளாகத்திற்கும் கொண்டு செல்கிறான். அங்கும் ஒரு தெய்வம் குருதியை ஏற்கிறது என்று அவன் எண்ணிக்கொண்டால் குறை அவனுடையதன்று. இரு வேறு செயல்களுக்கு ஒரே சொல்லை வழங்கிய நம்முடையது.

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களும் அவற்றைச் சூழ்ந்த சிறு பட்டணங்களும், மலாய்க் கம்பங்களும் இவ்விரு மரபுகளும் அருகருகே வாழ்ந்த களங்களாகும். இஸ்லாமியச் சட்டம் வகுத்துள்ள அறுப்பு வகைகளையும் அவற்றின் விதிகளையும் அக்களத்தில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எண்ணம், இறைச்சிப் பங்கீடு ஆகிய இரண்டுமே இவ்வகைகளைப் பிரித்துக் காட்டுகின்றன என்பதும், குருதி அவற்றின் மையமன்று என்பதும் இங்கு நிறுவப்படும்.

தோட்டச் சூழல்

சுங்கை ஊஜோங் பகுதியில் முதலில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருகியபோது ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, கோலாப்பிலா, பகாவ், தம்பின் முதலிய பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர் குடியேறினர். கங்காணி முறையில் ஆள்சேர்ப்பு நிகழ்ந்தமையால் ஒரே ஊராரும் உறவினரும் ஒரே லயத்தில் குடியமர்ந்தனர். 1938இல் இந்திய அரசு அம்முறையைத் தடை செய்யும்வரை இப்போக்கு நீடித்தது. ஊரார் சேர்ந்து வந்த இடத்திற்கு ஊர்த்தெய்வங்களும் சேர்ந்தே வந்தன. தோட்டத்தின் நடுவே மாரியம்மனும், எல்லையில் முனீஸ்வரர், மதுரைவீரன், காளி, சங்கிலிக் கருப்பன் ஆகியோரும் இடம்பெற்றனர். ஆடும் சேவலும் பெரும்பாலும் இவ்வெல்லைக் காவல் தெய்வங்களுக்கே படைக்கப்பட்டன.

இவ்வழிபாட்டு முறை தமிழர்க்குப் புதிதன்று. முருகனுக்கு எடுத்த வெறியாட்டில் மறி அறுத்தமையைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. குருதி கலந்த அரிசியைப் படைக்கும் வழக்கத்தைத் திருமுருகாற்றுப்படை குறிப்பிடுகிறது. அதே தமிழ் மரபில் திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரம் உயிர்க்கொலையைத் தவிர்ப்பதை வேள்விக்கும் மேலாக வைக்கிறது. பலியை ஏற்போரும் மறுப்போரும் ஒரே இலக்கிய மரபிற்குள் நெடுங்காலமாகவே இருந்து வந்துள்ளனர்.

தோட்டத் தொழிலாளருள் முஸ்லிம்கள் சிறுபான்மையினர். ஆனால் தோட்டத்தை அடுத்த பட்டணங்களில் மளிகைக்கடை, துணிக்கடை, உணவுக்கடை ஆகியவற்றை நடத்திய தமிழ் முஸ்லிம்கள் தோட்ட மக்களோடு அன்றாடத் தொடர்பு கொண்டிருந்தனர். இவர்களுள் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மரைக்காயர் போன்றோர் பெரும்பாலும் ஷாஃபிஈ சட்டப்பள்ளியைச் சார்ந்தவர்கள். உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்த இராவுத்தர் பெரும்பாலும் ஹனஃபி சட்டப்பள்ளியைச் சார்ந்தவர்கள். மலாய் மக்களோ ஷாஃபிஈ வழியினர். நெகிரி செம்பிலானின் 2003ஆம் ஆண்டு இஸ்லாமியச் சமய நிருவாகச் சட்டமும் ஷாஃபிஈ கருத்துகளுக்கே முதலிடம் தருகிறது. ஆகவே, இங்கு வாழும் இராவுத்தர் ஒருவர் தம் வீட்டில் ஒரு மரபையும், தாம் தொழும் பள்ளிவாசலில் மற்றொரு மரபையும் காண நேர்கிறது. கீழே விளக்கப்பெறும் வேறுபாடுகள் இதனால் ஏட்டளவில் நின்றுவிடுவன அல்ல.

வகைகளும் விதிகளும்

இஸ்லாமியச் சட்ட நூல்கள் வழிபாட்டு நோக்கிலான அறுப்பை நான்கு முதன்மை வகைகளாகக் காட்டுகின்றன. அவை உள்ஹிய்யா, அகீகா, ஹஜ்ஜுடன் தொடர்புடைய ஹத்யும் தம்மும், நத்ர் என்பன.

முதலாவது உள்ஹிய்யா. தமிழ் முஸ்லிம்கள் இதனைக் குர்பானி என்பர். மலாய் மக்கள் கொர்பான் என்பர். 'குர்பான்' என்னும் அரபுச் சொல் நெருக்கம் என்னும் பொருள்தரும் வேரிலிருந்து பிறந்தது. இறைவனை நெருங்கச் செய்வது என்பது அதன் கருத்து. இப்ராஹீம் நபி தம் மகனை அறுக்க முற்பட்டபோது, மகனுக்கு ஈடாக ஒரு பிராணி அளிக்கப்பட்ட நிகழ்வை இது நினைவுகூர்கிறது. ஷாஃபிஈ சட்டத்தில் இது வலியுறுத்தப்பட்ட சுன்னத். குடும்பத்தில் ஒருவர் நிறைவேற்றினால் ஏனையோர்க்கும் அது போதுமானது. ஹனஃபி சட்டத்தில், குறிப்பிட்ட அளவு செல்வமுள்ள, பயணத்தில் இல்லாத ஒவ்வொருவர் மீதும் இது வாஜிப், அதாவது கடமை. எனவே, வசதியுள்ள இருவர் வாழும் வீட்டில் ஷாஃபிஈ குடும்பம் ஓர் ஆட்டோடு நிறைவடையலாம். ஹனஃபி குடும்பத்தில் இருவர்மீதும் தனித்தனியே கடமை விழும்.

காலத்திலும் வேறுபாடு உண்டு. துல்ஹஜ் 10ஆம் நாள் தொடங்கி, ஷாஃபிஈ வழியில் 13ஆம் நாள் மாலை வரையிலும், ஹனஃபி வழியில் 12ஆம் நாள் மாலை வரையிலும் அறுக்கலாம். பெருநாள் தொழுகை நடைபெறும் பட்டணத்தில் தொழுகைக்குப் பின்னரே அறுக்க வேண்டும் என்பது ஹனஃபி விதி. அத்தொழுகை கடமையாகாத சிற்றூரில் வைகறைக்குப் பின் அறுக்கலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஷாஃபிஈ சட்டம் ஊரை வைத்து இவ்வாறு பிரிப்பதில்லை. கதிரவன் எழுந்து, தொழுகைக்கும் இரு சொற்பொழிவுகளுக்கும் வேண்டிய நேரம் கழிந்தபின் காலம் தொடங்குகிறது என்கிறது.

ஒட்டகம் 5 ஆண்டும், மாடு 2 ஆண்டும் நிறைந்திருத்தல் வேண்டும் என்பதில் இரு பள்ளிகளும் ஒன்றுபடுகின்றன. வெள்ளாட்டிற்கு ஷாஃபிஈ சட்டம் 2 ஆண்டும் ஹனஃபி சட்டம் 1 ஆண்டும் கேட்கின்றன. குருடு, வெளிப்படையான நோய், நொண்டி, எலும்பும் தோலுமான மெலிவு ஆகிய குறைகளுடைய பிராணி கூடாது. ஆடு ஒருவர்க்கும், மாடும் ஒட்டகமும் எழுவர்க்கும் போதுமானவை. இவ்வெழுவர் கூட்டிலும் ஒரு நுட்பம் உள்ளது. ஹனஃபி சட்டப்படி எழுவரும் வழிபாட்டு நோக்கம் உடையவராக இருத்தல் வேண்டும். ஒருவர் இறைச்சிக்காக மட்டும் சேர்ந்தால் எவருடைய குர்பானியும் நிறைவேறாது. ஷாஃபிஈ சட்டமோ அத்தகைய பங்காளியால் மற்றவர்களுக்குக் குறை நேராது என்கிறது.

இரண்டாவது அகீகா. பிறந்த குழந்தையின் முடியை இச்சொல் முதலில் குறித்தது. ஏழாம் நாளில் ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடும் பெண் குழந்தைக்கு ஓர் ஆடும் அறுப்பது ஷாஃபிஈ வழியில் சுன்னத். முடியை மழித்து, அதன் எடைக்கு நிகரான வெள்ளியைத் தருமம் செய்வதும் உண்டு. இறைச்சியைச் சமைத்து வழங்குவது சிறப்பு. எலும்புகளை உடைக்காமல் மூட்டுகளில் பிரிப்பது விரும்பத்தக்கது என்பர். அறியாமைக் காலத்து அரபியர் அறுத்த ஆட்டின் குருதியைக் குழந்தையின் தலையில் பூசி வந்தனர் என்றும், இஸ்லாம் வந்தபின் அதற்கு மாறாகக் குங்குமப்பூ பூசப்பட்டது என்றும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. சடங்கு நீடித்தது, குருதி மட்டும் விலக்கப்பட்டது.

மூன்றாவது வகை ஹஜ் யாத்திரையோடு தொடர்புடையது. ஹத்யு என்பதற்குக் காணிக்கை என்பது பொருள். தம் என்பதற்கு இரத்தம் என்பது பொருள். இவை மக்கா நகரின் புனித எல்லைக்குள் நிறைவேற்றப்படுபவை. ஆதலின், தோட்டப்புறத்தில் இவை கண்ணில் படுவதில்லை. ஆயினும் ஒரு செய்தி கருதத்தக்கது. இந்நான்கு வகைகளுள் இரத்தம் என்னும் பெயரைத் தாங்குவது தம் ஒன்றே. அதுவும் யாத்திரைக் கடமையில் நேர்ந்த குறையை ஈடுசெய்வதாகவே ஷாஃபிஈ சட்டத்தில் கருதப்படுகிறது.

நான்காவது நத்ர், அதாவது நேர்ச்சை. என் மகன் நோய் நீங்கினால் இறைவனுக்காக ஓர் ஆட்டை அறுப்பேன் என்று ஒருவர் நேர்ந்துகொண்டால், அது நிறைவேறியதும் அறுப்பது அவர்மீது கடமையாகிறது. சுன்னத்தான குர்பானியையும் நேர்ச்சை கடமையாக்கிவிடும். நேர்ச்சை வேறு எந்தப் பெயரிலும் இருத்தல் கூடாது. தர்காக்களில் கந்தூரி நாளில் ஆடு அறுக்கும் வழக்கத்தைப் பற்றி ஆலிம்களிடையே நிகழ்ந்த விவாதங்கள் இதனையே மையமாகக் கொண்டவை. அறுப்பு இறைவனுக்கென்றும், அதன் நன்மை பெரியாருக்கென்றும் எண்ணுதல் வேண்டும். பெரியாருக்காகவே அறுத்தல் கூடாது என்பது விவாதத்தின் சாரம்.

இவ்விதிகள் தமிழ் மக்களுக்குத் தமிழிலேயே கிடைத்தன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் இயற்றிய 'ஃபத்ஹுத் தய்யான்' ஷாஃபிஈ வழியிலான மார்க்கச் சட்டங்களைத் தமிழ் பேசுவோர்க்கு எடுத்துரைத்தது.

அறுக்கும் முறை

கத்தியைக் கூர்மையாக்குதல், பிராணியின் கண்முன் அதனைத் தீட்டாதிருத்தல், மெல்லக் கிடத்துதல், கிப்லாவை நோக்கச் செய்தல், இறைவன் பெயரைக் கூறுதல் ஆகியன பொதுவான ஒழுங்குகள். மூச்சுக்குழலும் உணவுக்குழலும் அறுபடுதல் ஷாஃபிஈ வழியில் இன்றியமையாதது. கழுத்தின் இரு நரம்புகளையும் சேர்த்த நான்கனுள் மூன்று அறுபட வேண்டும் என்பது ஹனஃபி வழி. இறைவன் பெயரை வேண்டுமென்றே விட்டால் ஹனஃபி சட்டத்தில் இறைச்சி விலக்கப்பட்டதாகும். ஷாஃபிஈ சட்டத்தில் பெயர் கூறுதல் சுன்னத்.

தோட்டத்துக் கடா வெட்டு முறையோடு இதனை ஒப்பிடலாம். அங்கு ஆட்டின்மீது மஞ்சள்நீர் தெளிக்கப்படுகிறது. அது உடலைச் சிலிர்த்துக் குலுக்கினால் தெய்வம் ஏற்றுக்கொண்டது என்பது நம்பிக்கை. பின்னர் ஒரே வெட்டில் தலை துண்டிக்கப்படுகிறது. ஒன்றில் தெய்வத்தின் சம்மதம் பிராணியின் உடலில் தேடப்படுகிறது. மற்றொன்றில் சம்மதம் முன்பே கட்டளையாக உள்ளது, மனிதனின் எண்ணமே சோதிக்கப்படுகிறது. இறைச்சியும் குருதியும் இறைவனை அடைவதில்லை, இறையச்சமே அடைகிறது என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் 37ஆம் வசனம் வலியுறுத்துகிறது. அறியாமைக் காலத்தில் கஅபாவின்மீது குருதியைப் பூசிய வழக்கத்தை மறுக்கவே இது அருளப்பட்டது என உரையாசிரியர் கூறுவர்.

நேர்ந்துவிடுதல்: ஓர் ஒப்பீடு

இரு மரபுகளும் மிக நெருங்கி வருவதும், பின்பு முற்றிலும் பிரிவதும் நேர்ச்சையில்தான். தோட்டத்தில் ஒருவர் குட்டியொன்றைச் சுட்டி, இது முனிக்கு நேர்ந்தது என்று கூறிவிட்டால் அக்குட்டி நேர்ந்துவிட்ட கடாவாகிறது. அதனை விற்பதற்கோ வேறு பயனுக்குக் கொள்வதற்கோ எவரும் துணிவதில்லை. ஷாஃபிஈ சட்டமும் சொல்லின் ஆற்றலை இவ்வாறே மதிக்கிறது. ஒருவர் தம் ஆட்டைச் சுட்டி, இது என் உள்ஹிய்யா என்று சொல்லிவிட்டால் அது நேர்ச்சையின் நிலையை அடைந்து கடமையாகிவிடும் என்பது அப்பள்ளியின் நூல்கள் கூறும் விதி. இதனால்தான் இன்றும் மலேசிய முஃப்திகள், சுன்னத்தான குர்பானியைப் பற்றிப் பேசும்போது சொற்களில் கவனம் வேண்டும் என்று அறிவுறுத்துகின்றனர்.

சொல்லால் பிணைவதில் ஒன்றுபடும் இவ்விரண்டும் உணவில் வேறுபடுகின்றன. முனிக்கு நேர்ந்த கடாவை நேர்ந்தவர் குடும்பமும் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடிச் சமைத்து உண்கின்றனர். அவ்விருந்தே நேர்த்திக்கடனின் நிறைவு. இஸ்லாமிய நேர்ச்சையிலோ நேர்ந்தவரும் அவருடைய பொறுப்பிலுள்ளோரும் ஒரு துண்டும் உண்ணலாகாது. இறைச்சி முழுவதும் ஏழைகளைச் சேர வேண்டும். முன்னது உறவைக் கூட்டும் விருந்து. பின்னது உரியவர் கைவிட்டுச் செல்லும் தருமம்.

இறைச்சியும் அண்டை வீடும்

பங்கீட்டு விதிகளே வகைகளைத் தெளிவாகப் பிரிக்கின்றன. சுன்னத்தான உள்ஹிய்யாவில் மூன்றில் ஒரு பங்கைத் தாம் உண்டு, ஒரு பங்கை உறவினர்க்கும் நண்பர்க்கும் தந்து, ஒரு பங்கை ஏழைகளுக்கு வழங்குவது நல்ல முறை. ஏழைக்குச் சிறிதளவேனும் சமைக்காத இறைச்சியாகச் சேர்தல் ஷாஃபிஈ வழியில் கட்டாயம். தோலை விற்பதும், அறுத்தவர்க்கு அதனைக் கூலியாகத் தருவதும் கூடா. கூலி உரியவரின் பையிலிருந்தே வர வேண்டும்.

முஸ்லிமல்லாத அண்டை வீட்டார்க்கு இவ்விறைச்சியைத் தரலாமா என்னும் வினா தோட்டச் சூழலில் எழுவது இயல்பு. இதில் சட்ட அறிஞர்கள் ஒருமித்திலர். ஹனஃபி சட்டம் தரலாம் என்கிறது. ஷாஃபிஈ அறிஞருள் இமாம் நவவி (இறப்பு 1277), சுன்னத்தான உள்ஹிய்யாவிலிருந்து முஸ்லிம் ஆட்சியின் பாதுகாப்பில் வாழும் பிற சமயத்து ஏழைக்குத் தரலாம், கடமையானதிலிருந்து தரலாகாது என்று கருதினார். பிற்காலத்தவரான ரம்லி (இறப்பு 1596) இரண்டிலிருந்தும் தரலாகாது என்றார். இன்றைய மலேசியாவில், கூட்டரசுப் பிரதேச முஃப்தி அலுவலகம் நல்லுறவோடு வாழும் முஸ்லிமல்லாதார்க்கு வழங்குவதை ஏற்கும் கருத்தை வெளியிட்டுள்ளது. ஆகவே, ரந்தாவிலோ பகாவிலோ கடை வைத்திருந்த இராவுத்தர் ஒருவர் தம் வாடிக்கையாளரான தோட்டத் தொழிலாளிக்கு ஆட்டிறைச்சி அனுப்பியிருப்பின், அவர் தம் சட்டத்தை மீறியவர் ஆகார். அதே தெருவில் வாழ்ந்த மரைக்காயர் ஒருவர் அனுப்பத் தயங்கியிருப்பின், அது பகையினால் விளைந்தது என்று கொள்வதும் பொருந்தாது.

எதிர்த்திசையில் இத்தகைய நெகிழ்ச்சி இல்லை. இறைவன் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் (2:173, 5:3) விலக்குகிறது. முனீஸ்வரர் கோயில் படையல் இறைச்சியை முஸ்லிம் அண்டை வீட்டார் ஏற்க இயலாது. முஸ்லிம் ஒருவரையே அழைத்து அறுக்கச் செய்தாலும், அது தெய்வத்திற்கான படையலாயின் விலக்கு நீங்காது. ஆனால் திருமண விருந்து போன்ற படையலல்லாத நிகழ்ச்சிக்கு முஸ்லிம் ஒருவர் அறுத்தால் அதனை உண்ணத் தடையில்லை. இவ்வேறுபாட்டை அறியாத தோட்டத்து மக்கள், நம் வீட்டுச் சோறு அவர்களுக்கு ஆகாது என்று மனம் வருந்த இடமுண்டு. விலக்கப்படுவது வீடன்று, படையல் என்பதை எடுத்துச் சொல்லியிருந்தால் அவ்வருத்தம் குறைந்திருக்கும்.

பிராணியை வளர்த்தவரின் சமயத்தைச் சட்டம் கேட்பதில்லை என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. தோட்டத் தொழிலாளர் பலர் பால்வெட்டு முடிந்த பின்னர் ஆடு மாடுகளை வளர்த்து வருவாயைப் பெருக்கினர். பெருநாள் காலத்தில் அண்டைக் கம்பத்தார் அவற்றை விலைக்கு வாங்குவதுண்டு. முனியாண்டிக்கு நேர்ந்த கடாவும், கம்பத்துக் குர்பானிக்கு விலைபோன கடாவும் ஒரே பட்டியில் ஒன்றாக மேய்ந்திருக்கக்கூடும். விற்றவர் யார் என்பது குர்பானியின் தகுதியைப் பாதிப்பதில்லை. வாங்கியவரின் உடைமை, எண்ணம், அறுப்பவர், காலம் ஆகியவையே கணக்கில் கொள்ளப்படும்.

மாற்றங்கள்

உயிர்ப்பலி பற்றிய விவாதம் தமிழரிடையே தொடர்ந்து நிகழ்ந்துள்ளது. பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவிற்கு வருகை தந்தார். அவர் வழி வந்த சீர்திருத்தக் கருத்துகள் பலியிடுதலை மூடப்பழக்கம் எனக் கண்டித்தன. 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் சமய நோக்கிலிருந்து அதனைத் தவிர்க்குமாறு வலியுறுத்தியது. ஆகம முறையில் குடமுழுக்குக் கண்ட கோயில்களில் பூசணிக்காயும் எலுமிச்சையும் ஆட்டின் இடத்தைப் பெற்றன. தமிழ்நாட்டிலோ 1950ஆம் ஆண்டுச் சட்டம் கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடை செய்தது. அது நெடுங்காலம் ஏட்டளவில் இருந்து, 2003 ஆகஸ்டில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. எளிய மக்களின் வழிபாட்டை மேலிருந்து தடுப்பது எளிதன்று என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

நெகிரி செம்பிலானில் ரப்பர் செம்பனையாக மாறியது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் சிரம்பான், நீலாய் முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர். எல்லைத் தெய்வத்திற்கு எல்லை இல்லாமற் போனது. குர்பானியும் மாறியுள்ளது. இன்று பலர் தம் பங்கிற்கான தொகையைப் பள்ளிவாசலிலோ பிற அமைப்பிலோ செலுத்திவிடுகின்றனர். சிலருடைய பிராணிகள் ஏழை மக்கள் வாழும் வேற்று நாடுகளில் அறுக்கப்படுகின்றன. பிறரைப் பொறுப்பாக்குவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும், அண்டை வீட்டார் ஒருவர் மற்றவர் செயலைக் கண்ணால் கண்டு, கேட்டு அறிந்துகொள்ளும் வாய்ப்பு இருபுறமும் குறைந்துவிட்டது. அதனால், முன்பு வேலியோரப் பேச்சில் தெளிவுற்றது இப்போது வகுப்பறையில் கற்பிக்கப்பட வேண்டியதாகிறது.

முடிவுரை

உள்ஹிய்யா நினைவுகூர்தலையும், அகீகா நன்றியையும், தம் ஈடுசெய்தலையும், நத்ர் வாக்கைக் காத்தலையும் நோக்கமாகக் கொண்டவை. கருவி ஒன்றாயினும் எண்ணமும் உண்போரும் வேறுபடுகின்றனர். தோட்டத்துக் கடா வெட்டிற்கும் அதற்கே உரிய எண்ணமும் பங்கீடும் உண்டு. அதனை இழிவாகவோ இதனை அதன் மறுவடிவமாகவோ காட்டுவது ஆய்வு நெறியாகாது.

ஆகவே, ஆசிரியர்கள் ஹஜ்ஜுப் பெருநாளைக் கற்பிக்கும்போது 'பலி' என்று பொதுவாகக் கூறாமல் 'குர்பானி கொடுத்தல்' என்றும், குழந்தைக்காக நிகழ்வதை 'அகீகா' என்றும், கோயில் வழக்கத்தை 'நேர்த்திக்கடன்' அல்லது 'கடா வெட்டு' என்றும் தனித்தனியே வழங்குவது நலம். இச்சொற்கள் அனைத்தும் தமிழ் பேசுவோர் நெடுநாளாக வழங்கி வருபவையே. புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. இவற்றோடு, இறைச்சி யாருக்குச் செல்கிறது என்னும் ஒரு வினாவையும் மாணவரிடம் எழுப்பினால் போதும். அண்டை வீட்டார் ஏன் ஒரு தட்டை ஏற்று மற்றொரு தட்டை மறுக்கிறார் என்பது அவர்களுக்குத் தாமே விளங்கும்.